அத்தை நடந்து படித்த ஓடைப் பாட்டு

நம்ம வயசுக்காரங்க யாராவது கண்ணு ஆபரேசன் முடிச்சு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வூட்ல சும்மா உக்காந்திருந்தீங்கன்னா, பக்கத்துல இருக்குற புள்ளைய விட்டு இதப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. எழுத்து பொடிசா இருக்குன்னு என்னை வையாதீங்க. போன வாரம் எம் பேத்தி செல்போன்ல ஒரு இங்கிலீஷ் பாட்டப் போட்டு, இதோட வடிவம் என்ன, சந்தம் என்னன்னு கேட்டா. நான் அடுப்புல பால வச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள அது பதிலக் கக்கிருச்சு. "முடிஞ்சிருச்சு அம்மாயி"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

இதே மாதிரி ஒரு பாட்டுக்கு, இதே கேள்விக்கு, எங்க அத்தைய நட்டநடு வாசல்ல உக்கார வச்சு வேப்பங்குழையால அடிச்சாங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

அரியலூருக்குப் பக்கத்துல, சுண்ணாம்புக்கல் வெட்டுற குவாரிய ஒட்டுன ஊரு எங்களுது. முருங்கை எலை பச்சையா இருந்து நான் பாத்ததே இல்ல, எப்பவும் மாவு தூவுன மாதிரிதான் கெடக்கும். உச்சி வேளையில சங்கு ஊதுனா வெடி வைக்கப் போறாங்கன்னு அர்த்தம். அடுத்த நிமிசம் அலமாரியில அடுக்குன எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணிகிணின்னு ஆடி நிக்கும். எங்கப்பாவுக்கு அந்த வெடி செட்டுலதான் வேலை. பாறையில குழி போட்டு மருந்து கெட்டிக்கணும். அவருக்கு முன்னாடி எங்க குடும்பத்துல எல்லாரும் அடுத்தவங்க வயல்ல குனிஞ்சு நின்னவங்க. மாசச் சம்பளம்னு மொதல்ல கையில வாங்குனது அப்பாதான்.

அத்தை அப்பாவோட கடைசித் தங்கச்சி. அப்பன் ஆத்தா சின்னதுலயே போயிட்டாங்க. அப்பாதான் வளத்து, பி.ஏ. இங்கிலீஷ் சேத்து விட்டாரு. "ஏன்டா, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இங்கிலீஷு?"ன்னு ஊரே கேட்டுச்சு. "இங்கிலீஷ் பேசுனாத்தான் ஆபீஸ்காரன் நாற்காலியக் காட்டுறான்"னு அப்பா சொல்லுவாரு. குவாரி ஆபீஸ்ல நின்னு நின்னு கால் கடுத்தவரு, அந்தக் கடுப்பு அது.

அத்தை எல்லாப் பேப்பரும் பாஸ். பொயட்ரி ஒண்ணு மட்டும் வுழுந்துருச்சு. மறுபடி எழுதுச்சு, மறுபடியும் வுழுந்துச்சு. அப்பாவுக்கு மொகம் செத்துப் போச்சு. அந்த நேரம் பாத்து மீன்சுருட்டியிலேருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. தூரத்துச் சொந்தம், மொதல் பொண்டாட்டி எறந்து போயி ரெண்டாவதுக்குத் தேடுறவரு. நெலம் நீச்சு உண்டு. "படிப்பு போதும், வேலைக்கெல்லாம் அனுப்புற வழக்கம் எங்க வூட்ல இல்ல"ன்னு மொதல் பேச்சுலயே சொல்லிட்டாங்க.

அப்பா அத்தையக் கூப்புட்டு சொன்னாரு. "பாப்பா, சித்திரையில எழுதுறதுதான் கடைசி. பாஸ் பண்ணிட்டீன்னா கடன வாங்கியாவது பி.எட். சேத்து விடுறேன். இல்லன்னா ஆவணியில கல்யாணம். அதுக்கு மேல எங்கிட்டப் பேசக்கூடாது."

"சரிண்ணே"ன்னுச்சு அத்தை. அன்னிக்கி ராத்திரி சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஒரு வாய் எறங்கல. நான் நாலாவது படிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு அத்தைதான் எல்லாம். அது மீன்சுருட்டி போயிட்டா எனக்குத் தலை பின்ன யாரு இருக்கான்னு நான் ஒரு பக்கம் அழுதேன்.

அத்தை ஏன் ரெண்டு தரம் பெயிலாச்சுன்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துல தமிழ் எலக்கணத்துல அது கெட்டி. நேர், நிரை, தேமா, புளிமான்னு அலகிடச் சொன்னா மூச்சு விடாம பிரிச்சுப் போடும். குறில் ஒண்ணு, நெடில் ஒண்ணு, ஒத்து வந்தா இப்படின்னு எல்லாம் கணக்குச் சுத்தம். அதே வித்தைய இங்கிலீஷ் பாட்டுலயும் காட்டியிருக்கு! வெள்ளக்காரன் பாட்ட நேர் நிரையாப் பிரிச்சு, கீழ தேமா புளிமான்னு இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சிருக்கு. திருத்துனவன் என்ன நெனைச்சானோ பாவம்.

காலேஜ்ல புதுசா வந்த ஒரு லெக்சரர் அம்மாதான் அத வராண்டாவுல நிறுத்திச் சொன்னாங்களாம். "ஏம்மா, அந்த பாஷையில எழுத்து நீளத்த அளக்கக் கூடாது. வாய் விட்டுச் சொல்லு. குரல் எங்க அழுந்துதுன்னு பாரு. நடந்துக்கிட்டே சொல்லு, காலே காட்டிக் குடுத்துரும்." அவங்களுக்கு பஸ்ஸு வந்துருச்சு, போயிட்டாங்க. அத்தை அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு ஊர் வந்து சேந்துச்சு.

நடக்கணும்னா எங்க நடக்குறது? வூடு ஒரே ரூமு, தம்பி கைக்கொழந்தை. தெருவுல பொம்பளப்புள்ள பாட்டுச் சொல்லிக்கிட்டு நடந்தா என்ன ஆவும்னு உங்களுக்கே தெரியும். அதனால அத்தை பழைய குழிக்குப் போச்சு.

பழைய குழின்னா கல்லு வெட்டி முடிச்சுட்டுக் கைவிட்ட பள்ளம். மழைத் தண்ணி நின்னு நின்னு பச்சையாக் கெடக்கும். சித்திரையில எங்க பக்கம் கண்ணுக்குத் தண்ணின்னு தெரியுறது அது ஒண்ணுதான். ஆனா யாரும் அங்க போறதில்ல. அதுக்கு முந்துன வருசம் ஒரு பொண்ணு அதுல வுழுந்து செத்துப் போயிட்டா. துணி தொவைக்கப் போனவ, வழுக்கி வுழுந்துட்டான்னாங்க. குவாரி வாசல்ல இட்லிக்கடை போட்டிருந்த பெரியம்மாவோட ஒரே பொண்ணு. அத்தையும் அவளும் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் அவ இட்லிக்கடையோட நின்னுட்டா, அத்தை காலேஜுக்குப் போச்சு. அவளுக்கு இளம்பிள்ளை வாதத்துல ஒரு காலு சூம்பிப் போயிருக்கும். ஒரு கால மெத்துனு வச்சு, மறு கால ஊணி நடப்பா. ரெண்டு தெருவுக்கு அந்தாண்ட வந்தாலும், வர்றது அவதான்னு நடையிலயே தெரிஞ்சிரும்.

யாரும் வர மாட்டாங்கன்னுதான் அத்தை அந்தக் குழிக்கரையத் தேர்ந்தெடுத்துச்சு. தொணைக்கு நானு.

பாட்டு என்னன்னா, மழை விட்ட பொறவு மலையிலேருந்து எறங்குற ஒரு ஓடையப் பத்தினது. காடு மலைன்னு தனியாத் திரிஞ்ச ஒரு வெள்ளக்காரன் அந்தக் காலத்துல எழுதுனது. நாலு நாலு அடியா வரும். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, திரும்ப நீளம், திரும்பக் குட்டை. குட்டை அடி ரெண்டும் ஒரே ஓசையில முடியும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா அத்தை சொல்லச் சொல்ல, "த தோம், த தோம், த தோம், த தோம்"னு ஒரு ஓட்டம் கேக்கும். த-வுக்கு ஒரு கால மெத்துனு வைக்கும், தோம்-க்கு மறு கால ஊணும். நான் பின்னாலயே கையத் தட்டிக்கிட்டுப் போவேன்.

பாட்டுக்கு நடுவுல ஒரு எடத்துல அத்தைக்குக் கால் தடுக்கும். தெனமும் அதே அடியில தடுக்கும். "இவன் தப்பா எழுதிட்டான் போல"ன்னு வையும். ஒரு நாளு அங்கயே நின்னுச்சு. மெல்லத் திருப்பிச் சொல்லிப் பாத்துச்சு. அப்புறம் எந் தோளப் புடிச்சு உலுக்குச்சு.

"ஏ குட்டி! இந்த அடி மட்டும் ஊணுறதுல ஆரம்பிக்குதுடி. தோம் த! தோம் த! என்ன சொல்றான்னு தெரியுமா இங்க? ஓடை பாறையில போயி மோதுது. தண்ணி மோதுற எடத்துல பாட்டும் மோதுது பாரு!"

அந்த மொகத்த நீங்க பாக்கணுமே. நானும் புரிஞ்ச மாதிரி குதிச்சேன். என்ன புரிஞ்சுச்சோ, அத்தை சந்தோசமா இருந்தா எனக்கும் சந்தோசம்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. ரெண்டாவது அடியும் நாலாவது அடியும் ஏன் குட்டை? போன தரம் அத்தை 'கவிஞர் சுருக்கமாக எழுதியுள்ளார்'னு எழுதிட்டு வந்துச்சாம். "எனக்கே வெக்கமா இருக்குடி"ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. அது தெரியாம பாஸாவ முடியாதுன்னும் சொல்லுச்சு. கேள்வியே அதுலதான் வருமாம்.

பரிச்சைக்கு இன்னும் கொஞ்ச நாளுதான். சாயங்காலம், வெயில் எறங்குற நேரம். அத்தை கரையோரமா நீள அடியச் சொல்லிக்கிட்டு நடந்துச்சு. நாலு ஊணல். திரும்பி குட்டை அடியச் சொல்லுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. வார்த்தை முடிஞ்சு போச்சு. ஆனா கால் முடியல. அது பாட்டுக்கு நாலாவதுக்குத் தூக்கிருச்சு. தூக்குன கால அப்படியே வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, அத்தை அந்தக் குழியோட விளிம்புல நின்னுச்சு. கீழ பச்சைத் தண்ணி.

"காலி எடம் இல்லடி இது"ன்னு மெல்ல சொல்லுச்சு. "நாலாவது ஊணல் இங்க இருக்கு, சொல்லுதான் இல்ல. அவன் வாய மூடிக்கிட்டுத் தண்ணிச் சத்தத்தக் கேக்குறான்."

அப்பத்தான் பின்னாலேருந்து ஒரு அலறல். இன்னிக்கும் நெனைச்சா ஒடம்பு சிலுக்குது. இட்லிக்கடை பெரியம்மா. சுள்ளி பொறுக்க வந்திருக்கு. மக செத்த எடத்துல மக நடை நடக்குறதப் பாத்திருக்கு. மெத்துனு ஒண்ணு, ஊணி ஒண்ணு. அப்புறம் தண்ணிக்கு மேல ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு நின்னதையும் பாத்திருக்கு. தலையில இருந்த சுள்ளியெல்லாம் கீழ போட்டுட்டு ஓடி வந்து அத்தையக் கட்டிக்கிச்சு.

"வந்துட்டியா ஆயா! வேணாம் ஆயா! மறுபடியும் வுழுவாத ஆயா!" மகள அது ஆயான்னுதான் கூப்புடும்.

"பெரியம்மா, நான்தான் பெரியம்மா! என்னைப் பாருங்க!"ன்னு அத்தை கத்துச்சு. எங்க கேக்குது? அதோட காதும் கண்ணும் அன்னிக்கி அதுகிட்ட இல்ல.

நாங்க வூடு வந்து சேர்றதுக்குள்ள, செத்தவ பேயா அத்தை மேல வந்துட்டான்னு சேதி வந்து உக்காந்திருச்சு. எங்க ஊர்ல வெடிச் சத்தத்த விட வதந்தி வெரசாப் போவும். வாசல் பூரா ஆளு. ஒருத்தி சொல்றா, நாலு நாளாவே அந்தப் புள்ள தனியா மொணமொணங்குதுன்னு. இன்னொருத்தி, வெரலு வெரலா எண்ணுதுன்னு. மூணாமவ, தூக்கத்துல காலு ஆடுதுன்னு. எங்கம்மா வேற, "ஆமா, நானே பாத்தேன், தோசைக்கரண்டியால தட்டு தட்டுன்னு தட்டுச்சு"ன்னு எடுத்துக் குடுத்துச்சு! எல்லாம் நெசந்தான். என்ன செய்ய, எல்லாம் நெசமா இருந்ததுதான் கேடு.

அத்தை அப்பா கால்கிட்ட உக்காந்து சொல்லுச்சு. "அண்ணே, பாட்டுக்கு ஓசை இருக்குண்ணே. அத நடந்து படிச்சேன். லெக்சரர் அம்மா சொன்னாங்க."

"நொண்டி நொண்டி நடக்கவா பாப்பா சொன்னாங்க?"

"அது நொண்டி இல்லண்ணே, அந்தப் பாட்டோட நடையே அப்படி."

அப்பா அம்மா மொகத்தப் பாத்தாரு. இங்கிலீஷ் பாட்டு எப்படி நொண்டும்னு அவரு மொகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சு.

அப்பத்தான் நான் ஒரு காரியம் பண்ணுனேன். அத்தைய எப்படியாச்சும் காப்பாத்தணும்னு, "நெசந்தாம்ப்பா, எனக்கும் தெரியும், இங்க பாருங்க"ன்னு நடு வாசல்ல எறங்கி, த தோம் த தோம்னு நடந்து காட்டுனேன். மூணு ஊணல் முடிஞ்சதும் அத்தை மாதிரியே கண்ண மூடிக்கிட்டு ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு நின்னேன்.

"அடி பாவி மகளே! இதையும் புடிச்சிருச்சே!"ன்னு அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு என்னைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுச்சு. அன்னிக்கே என் இடுப்புல ஒரு தாயத்து ஏறிச்சு. இப்ப சிரிப்பா இருக்கு. அன்னிக்கி நான் வாயத் தொறந்ததாலதான் அத்தைக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைஞ்சு போச்சு.

அத்தைய வூட்டுக்குள்ள வச்சுக் கதவச் சாத்துனாங்க. புஸ்தகத்த, சைக்ளோஸ்டைல் நோட்ஸ, எல்லாத்தையும் டிரங்குப் பொட்டியில போட்டுப் பூட்டி, சாவிய அம்மா இடுப்புல சொருகிக்கிச்சு. அந்தப் பாட்டுலதான் அது ஒட்டிக்கிட்டு வந்திருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஜெயங்கொண்டம் பக்கத்துலேருந்து பேயோட்டுற ஒரு கோடாங்கிய வரச் சொல்லி ஆளு போச்சு. அவரு செவ்வாக்கெழமை உச்சியில வரேன்னாரு. பரிச்சை புதன்கெழமை காலையில, பெரம்பலூர்ல.

திங்கக்கெழமை பூரா அத்தை செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்துச்சு. நான் பக்கத்துல போனா அம்மா இழுத்துக்கிட்டு வந்துரும். அத்தை எங்கிட்ட ஒரே ஒரு தரம் பேசுச்சு. "குட்டி, எனக்கு இப்ப எல்லாமே தெரியும்டி. ஏன் குட்டைன்னு தெரியும். எழுத விட மாட்டாங்களே."

செவ்வாக்கெழமை அப்பா லீவு போட்டுட்டாரு. கோடாங்கி வந்தாரு. நெத்தி நெறைய துண்ணூறு, கையில உடுக்கை. ஆளு கெட்டவரு இல்ல, எனக்குக் கல்கண்டு குடுத்தாரு. வாசல்ல கோலம் போட்டு அத்தைய உக்கார வச்சாங்க. எதிருல இட்லிக்கடை பெரியம்மா. வந்திருக்கிறது அவுங்க பொண்ணுதான்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சே.

உடுக்கை அடிச்சாரு. "யாரு நீ? எந்த ஊரு? எப்ப வந்த?"

"நான் நான்தாங்க. இவரு தங்கச்சி"ன்னுச்சு அத்தை, அப்பாவக் கைகாட்டி.

வேப்பங்குழையால ஒரு அடி. "பொய் சொல்லாத. யாரு நீ?"

"நான்தாங்க."

இன்னொரு அடி. தலை கலைஞ்சு மொகத்துல வுழுந்துச்சு. அப்பா வேட்டி முனைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னாரு. தங்கச்சிய ஒரு சொல்லு அதட்டாதவரு. அது வெறும் அடின்னா அவரு பொறுத்திருக்க மாட்டாரு, மருந்துன்னு நெனைச்சுப் பொறுத்துக்கிட்டாரு. நான் தூணுக்குப் பின்னால நின்னு, விடுங்கன்னு கத்துறேன், அம்மா வாயப் பொத்துது.

அடிக்கறத நிறுத்திட்டுக் கோடாங்கி அப்பாகிட்ட சொன்னாரு. "அழுத்தமா உக்காந்திருக்குங்க. மூணு அமாவாசை ஆவும். அது வரைக்கும் புள்ளைய நெலப்படி தாண்ட விடாதீங்க."

மூணு அமாவாசை. அதுக்குள்ள பரிச்சை முடிஞ்சிரும், பின்னாலயே ஆவணி வந்து, மீன்சுருட்டியிலேருந்து வண்டி வந்து நின்னுரும். எனக்கே அது புரிஞ்சுச்சுன்னா அத்தைக்குப் புரியாதா? தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கோடாங்கி மறுபடி உடுக்கைய எடுத்தாரு. "கடைசியாக் கேக்குறேன். யாரு நீ? என்ன குடுத்தா போவ?"

அத்தை நிமிரல. தலைமுடிக்குள்ளேருந்து சொல்லுச்சு. "பரிச்சை எழுதணும்."

உடுக்கை நின்னு போச்சு. அவருக்குப் பழக்கம் சேவல், சாராயம், சுருட்டு, மிஞ்சுனா ஒரு சேலை. "என்னா?"ன்னாரு.

"பரிச்சை எழுதணும். நாளைக்கி. பெரம்பலூர்ல."

"கருஞ்சேவல் தரோம், போயிரு."

"வேணாம்."

"பட்டுச் சேலை தரோம்."

"பரிச்சை."

"எழுதுனா போயிருவியா?"

"எழுதிட்டுப் போயிருவேன். எழுத விடலன்னா எப்பவுமே போவ மாட்டேன்."

அந்த நேரம் பாத்துக் குவாரியில சங்கு ஊதி வெடி வெடிச்சுச்சு பாருங்க! தெனமும் அதே நேரம் வெடிக்கிற வெடிதான். அலமாரி டம்ளரெல்லாம் ஆடுச்சு. வாசல்ல இருந்த அம்புட்டுப் பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. தெனமும் அந்த வெடிக்கு மருந்து கெட்டிக்கிறவரு எங்கப்பா, அவரும் கையெடுத்துக் கும்புட்டு, "கூட்டிக்கிட்டுப் போறேன் தாயே"ன்னாரு.

எனக்கு வந்த சந்தோசத்துல குதிச்சிருப்பேன். ஆனா இட்லிக்கடை பெரியம்மா நகண்டு நகண்டு வந்து அத்தை கையப் புடிச்சுச்சு. "ஆயா, எம்மேல கோவமா ஆயா?"

அத்தைக்கு இந்தக் கேள்வி வரும்னு தெரியாது. "கோவம் இல்லம்மா"ன்னுச்சு. பெரியம்மா அத்தை மடியில தலைய வச்சுக்கிட்டு அழுதுச்சு. அத்தையும் அழுதுச்சு. அந்த அழுகையில பொய் இருந்திருக்காது.

மறுநாளு மொதல் பஸ்ஸுல ஒரு கூட்டமே கெளம்புனோம். அப்பா, அம்மா, தம்பி, நானு, கோடாங்கி, இட்லிக்கடை பெரியம்மா. பெரியம்மா இட்லிய வாழை எலையில கட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. அரியலூர் வந்து பெரம்பலூர் பஸ் மாறணும். அது வரைக்கும் டிரங்குப் பொட்டியிலேருந்து எடுத்துப் பையில வச்சிருந்த புஸ்தகத்தக் குடுக்க அம்மாவுக்குத் தைரியம் வரல. பஸ்ஸுல ஏறுனதும் அத்தை கைய நீட்டுச்சு. அம்மா பையத் தொறந்து அலறியடிச்சு எடுத்துக் குடுத்துச்சு.

பஸ்ஸ விட்டு எறங்குனதுலேருந்து அத்தை அந்த நடையிலதான் நடந்தாவணும். நேரா நடந்தா, அது போயிருச்சு, இனிமே பரிச்சை எதுக்குன்னு திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. அதனால பஸ் ஸ்டாண்டுலேருந்து காலேஜ் வாசல் வரைக்கும், அம்புட்டுச் சனமும் பாக்க, ஒரு கால மெத்துனு வச்சு மறு கால ஊணி நடந்துச்சு. ஒதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அது பாட்டத்தான் சொல்லுதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். பெரியம்மா பின்னாலயே, "பாத்து ஆயா, கல்லு கெடக்கு ஆயா"ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு.

வாசல்ல வாட்ச்மேன் கோடாங்கியையும் வேப்பங்குழையையும் உள்ள விட மாட்டேன்னுட்டாரு. அத்தை மட்டும் போச்சு. நாங்க புளியமரத்தடியில உக்காந்தோம். அப்பா உக்காரவே இல்ல. உள்ள ஏதாவது ஆடிருமோ, புள்ளைங்க பயந்து ஓடி வருமோன்னு கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு வேற பயம். அந்தக் கேள்வி வரணுமே.

வெளிய வந்தப்ப அத்தை மொகம் வேர்த்துப் போயிருந்துச்சு. என்னை இடுப்புல தூக்குற சாக்குல காதுல சொல்லுச்சு. "வந்துச்சுடி. மேசைக்கு அடியில கால ஆட்டிக்கிட்டே எழுதுனேன். பக்கத்து பெஞ்சுக்காரன் மொறைச்சான்." அப்புறம் என்னை எறக்கி விட்டுட்டு, எல்லாரும் பாக்க நேரா நடந்துச்சு. அப்பா ஓடி வந்து அது தலையில கைய வச்சுக்கிட்டு, "பாப்பா... நீதானா?"ன்னு கேட்டாரு. "நான்தாண்ணே"ன்னுச்சு. முந்துன நாளு அதே வார்த்தைக்குத்தான் அடி வாங்குனுச்சு.

மீன்சுருட்டிக்காரங்க சேதி கேட்டு, பேய் வந்து போன எடம் வேணாம்னுட்டாங்க. நல்லதாப் போச்சு. ரிசல்ட் வந்துச்சு. அத்தை பாஸ். பின்னால பி.எட். படிச்சு, டீச்சராகி, எத்தனையோ புள்ளைங்கள த தோம் த தோம்னு கெளாஸ் ரூம்ல நடக்க விட்டுச்சு. அத விடுங்க. நான் சொல்ல வந்தது ரிசல்ட் வந்த அன்னிக்கி சாயங்காலத்த.

அப்பா காலேஜ் போர்டுல பாத்துட்டுப் பூந்திப் பொட்டலத்தோட வந்தாரு. வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பழைய குழிக்குப் போயி தேங்கா ஒடைச்சிட்டு வந்திருக்காரு. "சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு.

அத்தை அவரு முன்னாடி வந்து நின்னுச்சு. "அண்ணே, எழுதுனது நான்தாண்ணே."

"தெரியும் பாப்பா. கை உன்னுதுதான்"னாரு அப்பா, அவ்வளவு ஆசையா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ரெண்டு வருசம் கண்ணு முழிச்சது யாரு? அடி வாங்குனது யாரு? "அத்தைதான் படிச்சுச்சு! வேற யாரும் இல்ல! எல்லாமே அத்தை பொய்யாச் சொன்னது!"ன்னு கத்தப் போனேன், பாதியில அத்தை எம் வாயப் பொத்திருச்சு. வாசல்ல இட்லிக்கடை பெரியம்மா நின்னுக்கிட்டிருந்துச்சு. கையில மாவு கூடக் கழுவல, சேதி கேட்டதும் அப்படியே வந்திருக்கு.

"எம் பொண்ணு பாஸ் பண்ணிட்டாளாமே?"ன்னு கேட்டுச்சு.

அத்தை அப்பாவப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு.

"பாஸ் பண்ணிட்டா பெரியம்மா."

பெரியம்மா சிரிக்கும்னு நெனைச்சோம். அத்தையும் அதுக்காகத்தான் சொல்லுச்சு, எனக்குத் தெரியும். பெரியம்மா படியில அப்படியே சரிஞ்சு உக்காந்துச்சு.

"காலேஜுக்குப் போறேன்னு கெஞ்சுனா. அந்தக் கால வச்சுக்கிட்டு பஸ் ஏறி எறங்க முடியுமா, உனக்கு எதுக்குடி, உன்னால ஆவாதுன்னு நாந்தான் அடக்கி வச்சேன். குழிக்குத் துணி எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கும் அதச் சொல்லித்தான் ரெண்டு பேருக்கும் பேச்சு. செத்தும் போயி பாஸ் பண்ணிட்டாளே. அப்ப அவளால ஆயிருக்கும்ல?"

"ஆயிருக்கும்ல, சொல்லு சாமி"ன்னு பெரியம்மா அத்தை காலப் புடிச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு.